கேரட்டுக்கு வைத்த தண்ணீர்

பின்னால் வந்த டெம்போவைக் கேரட் பார்க்கவில்லை. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒன்பது வருடமாக வண்டிகளுக்கு நடுவில் படுத்து எழுந்த நாய் அது. எந்த டிரைவர் எந்தப் பக்கம் ஒடிப்பான் என்பது அதற்கு அத்துப்படி என்று பெலிக்ஸ் பெருமையாகச் சொல்வார். அன்றைக்கு வண்டியைப் பின்னால் எடுத்தவன் புது ஆள். சக்கரம் அதன் இடுப்பில் ஏறி இறங்கிவிட்டது.

பெலிக்ஸ் அந்தச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்தார். ஊட்டியிலிருந்து வந்த கேரட் மூட்டைகளுக்கு இடையில் கண் திறக்காத குட்டியாகக் கிடைத்ததால் அந்தப் பெயர். கடையிலேயே வளர்ந்தது, கடையிலேயே இரண்டு முறை குட்டி போட்டது. அவருடைய மனைவி ஜாய்க்கு அது முகப்பழக்கம் மட்டும்தான். எப்போதாவது அவள் கடைப் பக்கம் போனால் வாலை ஆட்டும். இவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு தாண்டிப் போவாள்.

பழைய போர்வை இருந்தால் எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வரச்சொல்லி அவர் போன் செய்தபோது, யாருக்கோ என்னவோ என்றுதான் ஜாய் முதலில் பயந்தாள். நாய்க்கு என்று தெரிந்த பிறகும் அந்தப் பயம் குறையவில்லை. அவர் குரல் அப்படி இருந்தது. மேலகரத்து வீட்டைப் பூட்டி, ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டரிடம் போய்ச் சேர்ந்தாள்.

டாக்டர் முத்துச்செல்விக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கேரட்டின் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திக் கிள்ளினார். கால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. பெலிக்ஸின் முகம் மலர்ந்தது. ஆனால் டாக்டர் பார்த்தது காலை அல்ல, நாயின் முகத்தை. அது வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. தன் காலை யாரோ கிள்ளுகிறார்கள் என்பது அதற்குத் தெரியவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது. கால் இனி வருவது சந்தேகம். ஆனால் அவசரம் காலில் இல்லை, மூத்திரப்பையில் இருக்கிறது. இப்போது பிடித்து வை, இப்போது விடு என்கிற உத்தரவு மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகத்தான் இறங்கி வரவேண்டும். அந்த வழி அடைபட்டுவிட்டது. பையும் அதன் வாசலும் இத்தனை நாள் முறை வைத்து வேலை செய்தவை. ஒன்று இறுகினால் மற்றது தளரும். இனி இரண்டும் ஒரே நேரத்தில் இறுகும். பை நெருக்கும், வாசல் திறக்காது. அதனால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது அடிவயிற்றை அமுக்கி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தேங்கி, கிருமி பிடித்து, சிறுநீரகம் வரை ஏறிவிடும்.

மேசையில் விரித்திருந்த போர்வை அதற்குள் நனைந்திருந்தது. பெலிக்ஸ் அதைக் காட்டினார். அதுதான் தானாகப் போகிறதே என்றார்.

"நம்பிராதீங்க அண்ணாச்சி. அது போறதில்ல. நெறஞ்சு வழியுது, அவ்வளவுதான்."

ஜாய் போர்வையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். அந்த வார்த்தை அவளைத் தேடி வந்ததுபோல் இருந்தது.

ஒரு மாதம் பாருங்கள் என்றார் டாக்டர். சில நாய்களுக்கு நாளாக நாளாகக் கீழே உள்ள நரம்புகளே ஒரு வழி பண்ணிக்கொள்ளும். பண்ணாவிட்டாலும், கைவிடாமல் எடுத்துவிட ஆள் இருந்தால் வருடக் கணக்கில் வாழலாம். ஆள் இல்லையென்றால் ஊசி போட்டுக் கண்ணை மூடவைப்பதுதான் நல்லது, அதில் பாவம் ஒன்றும் இல்லை.

பெலிக்ஸ் விடியும் முன் சந்தைக்குப் போனால் சாயங்காலம்தான் வீடு திரும்புவார். அவர் நாயின் காதைத் தடவிக்கொண்டு நின்றார். காலையில் அவர் பார்க்கலாம். மத்தியானம் யார், சாயங்காலம் நேரமாகிவிட்டால் யார் என்று அவர் மனதுக்குள் தேடுவது ஜாய்க்குத் தெரிந்தது. அவர் தேடிய இடத்தில் அவள் இல்லை என்பதும் தெரிந்தது.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

வண்டியில் போகும்போது அவர் இரண்டு முறை அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, நெசமாத்தான் சொல்லுதியா? நீ அதத் தொட்டதே இல்லியே."

"தொட்டாத்தான பழகும்."

வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட துணி துவைக்கிற இடத்தில் கேரட்டுக்குப் படுக்கை போட்டார்கள். பெலிக்ஸ் இரண்டே நாளில் கற்றுக்கொண்டுவிட்டார். இருபத்தைந்து வருடமாகக் கத்தரிக்காயையும் தக்காளியையும் அமுக்கிப் பார்த்துத் தரம் பிரித்த கை. நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பின்தொடைக்கு முன்னால் வயிற்றின் இருபுறமும் விரல்களைப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு மூத்திரப்பையைத் தேடுவார். கிடைத்ததும் அப்படியே நிறுத்தி, இறுக்கிப் பிழியாமல், ஒரே சீராகப் பின்பக்கமாக அழுத்துவார். முதலில் ஒன்றும் வராது. அவர் காத்திருப்பார். பிறகு வாசல் தளர்ந்து, சீறிக்கொண்டு வரும். அவசரப்பட்டு அமுக்கினால் உள்ளே பை கிழிந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். முள்ளங்கத்தரி ஒன்று துணிக்குள் இருந்தால் எப்படித் தட்டுப்படுமோ அப்படி என்று அவர் அவளுக்கு விளக்கினார்.

அவளுக்கு முதல் மூன்று நாள் எதுவும் தட்டுப்படவில்லை. விரலுக்குக் கீழே எல்லாம் ஒன்றுபோல் மெத்தென்று இருந்தது. நான்காம் நாள் கிடைத்தது. ஆனால் அழுத்தும்போது கேரட் தலையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டது. அதன் பிறகு தினமும் அப்படித்தான். வலியால் அல்ல, அதற்கு அங்கே வலி தெரியாது. அவளுக்கு அது வெட்கமாகப் பட்டது. நாய்க்கு வெட்கம் உண்டா என்று யாரிடமும் கேட்க முடியாது. அவள் பின்கதவைச் சாத்திவிட்டு உட்காரத் தொடங்கினாள்.

வீட்டு வேலைக்கு வரும் மாடத்தி ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எங்க மாமியா ரெண்டு வருசம் கட்டில்ல கெடந்தா. எல்லாம் நான்தான் அள்ளுனேன். ஒருநாளு அந்தம்மா எம்மூஞ்சியப் பாக்கலக்கா. இது தேவல. கைய நக்கவாவது செய்யுது."

ஜாய் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அந்தக் கிழவியின் முகம், அவள் பார்த்தே இராத அந்த முகம், சுவர் பக்கம் திரும்பியபடி அவளுக்குள் இருந்தது.

இரண்டாம் வாரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறது என்று ஊரே சந்தோஷப்படும் நாட்களில் மேலகரத்து வீடுகளில் துணி காயாது. எடுத்துவிடுகிற நேரங்களுக்கு நடுவிலும் கேரட்டுக்கு வழிந்துகொண்டேதான் இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு துணி. வீட்டுக்குள் கயிறு கட்டி, மின்விசிறிக்குக் கீழே போட்டும், மறுநாள் தொட்டால் பச்சைத்தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. ஈரத்துணியில் படுத்துப் படுத்து நாயின் தொடையில் தோல் சிவந்து உரியத் தொடங்கியது. ஈ மொய்த்தது. அது முன்னங்காலை ஊன்றி நகரப் பார்க்கும். நகர்ந்த இடமெல்லாம் கோடு போட்டதுபோல் ஈரம். பெலிக்ஸின் தம்பி வந்தவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு ஜாய் கேரட்டின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சாரலில் துணி காய வைப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தொன்பது வருடமாக அவள் செய்துவருவதுதான். மகள் சுஜிதா ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை. ஒரு பகல் ஒரு ராத்திரி வலியில் கிடந்து, கடைசியில் இழுத்துத்தான் எடுத்தார்கள். பிள்ளை நன்றாக இருந்தது. தாயும் நன்றாக இருக்கிறாள் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜாய்க்குத் தெரிந்தது: தும்மினால் நனைந்தது, சிரித்தால் நனைந்தது, குழாயைத் திறந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே சில நாள் நனைந்தது. பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும் என்று அம்மா சொன்னாள். அம்மா இறந்து ஏழு வருடம் ஆகிறது.

இத்தனை வருடத்தில் ஜாய் ஒரு ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து கோயில் முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. திருநெல்வேலிக்குப் போகவேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலத்தோடு நிறுத்திவிடுவாள். கல்யாண வீடுகளில் பின்வரிசை. கருநீலமும் கறுப்புமாகச் சேலைகள். கொடியில் உள்பாவாடைக்கு அடியில் மறைத்துப் போடுகிற துணிகள். படுக்கையை விட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தது பிள்ளை அழுதால் பெலிக்ஸின் தூக்கம் கெடக்கூடாது என்று சொல்லித்தான். பிள்ளை கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கப் போன பிறகும் பாய் அங்கேயேதான் இருந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காக அவள் நன்றியோடும், கொஞ்சம் வருத்தத்தோடும் இருந்தாள்.

கேரட்டுக்கும் அவள் செய்தது அதைத்தான். காலையில் பெலிக்ஸ் நாய்க்கு மூத்திரத்தை எடுத்துவிட்டு, பெரிய எவர்சில்வர் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போவார். வண்டிச் சத்தம் தெரு முனை திரும்பியதும் அவள் போய்க் கிண்ணத்தை எடுத்து முக்கால்வாசியை வாய்க்காலில் கொட்டிவிடுவாள். மீதி இருப்பதை நாய் நாலு நக்கில் முடித்துவிட்டு அவளைப் பார்க்கும். "போதும் கண்ணு. குடிச்சா பொறவு நீதான் சங்கடப்படணும்" என்பாள். சாயங்காலம் அவர் வரும் நேரத்துக்குக் கிண்ணத்தில் பாதித் தண்ணீர் ஊற்றி வைப்பாள், அவர் பார்த்துவிட்டு உள்ளே போனதும் அதையும் கொட்டிவிடுவாள்.

முதல் இரண்டு நாள் பலன் தெரிந்தது. ஆறு துணி மூன்றானது. தொடையில் புண் ஆறத் தொடங்கியது. ஈ குறைந்தது. பெலிக்ஸ் அவளைப் பாராட்டினார். அவளுக்கும் உள்ளே ஓர் அமைதி வந்தது. தன்னிடம் இருந்த ஒரே வித்தையை, யாருக்கும் உதவாது என்று நினைத்திருந்ததை, ஒரு உயிருக்குக் கொடுக்க முடிந்துவிட்டதாக நினைத்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பெலிக்ஸின் தங்கை குடும்பத்தோடு அருவிக்கு வந்தாள். வருடா வருடம் எல்லோரும் ஐந்தருவிக்குப் போவார்கள். மதினியை அருவியிலிருந்து கயிறு கட்டித்தான் இழுக்கவேண்டும் என்று தங்கை கேலி பேசுவது வழக்கம். பெண்கள் பக்கத்தில், பாறையில் முதுகைச் சாய்த்து, கூட்டம் நெருக்கித் தள்ளுகிற வரை ஜாய் நகரமாட்டாள். அங்கே எல்லோரும் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டாத ஒரே இடம் உலகத்தில் அவளுக்கு அதுதான். இந்த வருடம் அவள் போகவில்லை. நாயை விட்டுவிட்டு வரமுடியாது என்றாள். அவர்கள் போன பிறகு பின்கதவைச் சாத்திக்கொண்டு கேரட்டிடம் உட்கார்ந்தாள். அன்று அமுக்கியபோது வந்தது கொஞ்சம்தான். கஷாயம்போல் கருத்து, வாடை மூக்கில் ஏறியது. வெயில் இல்லாத நாளில் இவ்வளவு கருப்பு ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்தாள். தன்னுடையதும் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கேரட் சாப்பிடவில்லை. புதன்கிழமை தலையைத் தூக்கவில்லை. உடம்பு கொதித்தது. மத்தியானம் அமுக்கியபோது ரத்தம் வந்தது.

பெலிக்ஸ் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, நாயையும் அவளையும் தென்காசிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் முத்துச்செல்வி ஊசியில் உறிஞ்சி எடுத்ததை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். கலங்கி, அடியில் மணல்போல் படிந்திருந்தது. கிருமி மேலே ஏறிவிட்டது, சிறுநீரகம் தாங்குமா என்று மூன்று நாள் போனால்தான் தெரியும் என்றார். எடுத்துவிடுவதில் குறை ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உடம்பு வறண்டு கிடக்கிறதே, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டார்.

காலையில் ஒரு கிண்ணம் நிறைய, சாயங்காலம் வந்து பார்த்தால் பாதி இருக்கும் என்றார் பெலிக்ஸ். சொல்லிக்கொண்டே வரும்போது அவருக்கே கணக்கு இடித்தது. நாய் குடித்திருந்தால் இவ்வளவு வறண்டு போயிருக்காது. யாரோ கொட்டுகிறார்கள். அவர் முகம் இறுகியது. நாற்றம் நாற்றம் என்று மூக்கைச் சுளிக்கிறவள் மாடத்திதான், அவளை இன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்றார். போனைக்கூட எடுத்துவிட்டார்.

"அவ இல்ல. நான்தான்" என்றாள் ஜாய்.

"எதுக்கு?"

"குடிக்கலைன்னா நனையாதுல்லா."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் அவர் முகத்தில் ஏறுவதையும், எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பதையும் அவள் பார்த்தாள். அவர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டாக்டர் கேரட்டின் முன்னங்காலில் குளுக்கோஸ் ஏற்றினார். ஜாய் காலைப் பிடித்துக்கொண்டாள். தன் கைக்குள் இருந்த கால் சூடாக, கனமில்லாமல் இருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. அவள் கொட்டிய தண்ணீர்தான் ஒவ்வொரு சொட்டாகத் திரும்பி வருகிறது என்று நினைத்தாள். எத்தனை கிண்ணம், எத்தனை நாள்.

"நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கீங்க அக்கா?" டாக்டர் குனிந்தபடியே, சொட்டு விழும் வேகத்தைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

நாயைப் பற்றித்தான் கேட்கிறார் என்று ஜாய் நினைத்தாள். இல்லை என்று புரிந்தபோது சொல்லத் தொடங்கியிருந்தாள். எப்படிச் சொன்னாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. ஆயுதம் போட்டது, தும்மல், கோயில், கருநீலச் சேலை, எல்லாம் வரிசை இல்லாமல் வந்தது. டாக்டர் குறுக்கே பேசவில்லை. நாய் டாக்டரிடம் சொல்கிறோமே என்று நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் கொஞ்சம் நனைந்தது, அதையும் சொல்லிவிட்டாள்.

மனுஷ வைத்தியம் தனக்குத் தெரியாது, ஆனால் நரம்பு எல்லா உடம்பிலும் நரம்புதான் என்றார் டாக்டர். பிரசவத்தில் இடுப்பு நரம்பு இழுபட்டிருக்கலாம். பாளையங்கோட்டையில் இதைப் பார்க்கிற ஒரு பெண் டாக்டர் இருக்கிறார், பயிற்சி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் எரிச்சல்படுத்தும்; எரிச்சல்பட்ட பை இன்னும் அடிக்கடி நெருக்கும்.

கேரட்டுக்குள் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்றும் சொன்னார். எலிகளிலும் பூனைகளிலும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களாம். பையிலிருந்து செய்தி கொண்டுபோகிற நரம்புகளில் இரண்டு வகை. ஒரு வகை நிறைந்துவிட்டது என்று சொல்லும். இன்னொரு வகை குளிருக்கும் எரிச்சலுக்கும் மட்டும் வாயைத் திறக்கும், மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும். தண்டுவடம் அடிபட்ட பிறகு, முதல் வகை சொல்வதைக் கேட்க மேலே ஆள் இல்லை. சில வாரங்களில் அந்தச் சும்மா கிடந்தவை விழித்துக்கொள்கின்றன. பை மூடிய வாசலோடு முட்டி முட்டித் தடிக்க, அதோடு இணைந்த நரம்பணுக்களும் அளவில் பெருத்துப்போகின்றன. நிறைந்த செய்தியை அவை தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்கே சொல்லி, அங்கிருந்தே பதில் வாங்கிவிடுகின்றன. சில சமயம் அளவுக்கு மீறிப் பேசும். கொஞ்சம் நிறைந்ததற்கே கூப்பாடு போடும். ஆனாலும் அதுதான் நம்பிக்கை.

"அண்ணாச்சிட்டச் சொல்லவே இல்லியா?" என்று கேட்டார் கடைசியில்.

"பத்தொம்பது வருசம் ஆயிட்டு. இனிமே எங்கேருந்து ஆரம்பிக்க?"

டாக்டர் கேரட்டைக் காட்டினார். "இதுலேருந்து ஆரம்பிங்க."

நாயை அங்கேயே விட்டுவிட்டு அவளும் பெலிக்ஸும் வண்டியில் ஏறினார்கள். சாரல் கண்ணாடியில் பூத்தூவலாக விழுந்துகொண்டிருந்தது. பெலிக்ஸ் வண்டியை எடுக்கவில்லை. சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லாமல் இருந்தால் இந்தக் கோபம் கொஞ்ச நாளில் ஆறிவிடும். நாய் பிழைத்தால் ஆறும். பிழைக்காவிட்டாலும், நாய்தானே என்று ஒருநாள் ஆறிவிடும். அந்த வழி அவளுக்குப் பழக்கமான வழி. அதில் போக அவளுக்குக் கால் இருந்தது. ஆனால் மூன்று நாள் கழித்துக் கேரட் திரும்பி வந்தால், காலையில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போகும் மனிதர், தெருமுனை தாண்டியும் அவள் அதைக் கொட்டிவிடுவாளோ என்று நினைத்துக்கொண்டேதான் போவார். அப்படி அவர் போகக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"நானும் குடிக்க மாட்டேன். அதனாலதான் அதுக்கும் வைக்கல" என்று தொடங்கினாள்.

முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டாக்டரிடம் சொன்னதைவிடக் குறைவாக, வரிசையாகச் சொன்னாள். பாயைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. படுக்கை நனைந்து அவர் விழித்துக்கொண்டு, என்னவென்று கேட்டு, விளக்கைப் போட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் போனதாகச் சொன்னாள். பிறகு திரும்பி வர வழி தெரியவில்லை.

கண்ணாடியில் நீர் சேர்ந்து சேர்ந்து கோடாக இறங்கியது.

"நான் என்னமோ எம்மேல வெங்காய வாடை அடிக்குன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"அதான் தள்ளிப் படுக்கன்னு. கடைக்குப் பின்னால கொழாயில ஒருக்கா குளிப்பேன். வீட்டுக்கு வந்து ஒருக்கா. பத்தொம்பது வருசமா ரெண்டு சோப்பு போட்டுக் குளிக்கேன் ஜாய்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தார், இப்போதும் சந்தேகம் தீராதவர்போல. அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெங்காய வாடை அடிக்கத்தான் செய்தது. அது தனக்குப் பிடிக்கும் என்று சொல்லவேண்டும் என்று நினைத்தாள். அன்றைக்கு அவ்வளவும் சொல்லி முடியவில்லை.

கேரட் மூன்று நாள் சாகவில்லை. நான்காம் நாள் டாக்டரின் கம்பவுண்டர் நீட்டிய பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, அவர் விரலையும் கவ்விப் பார்த்தது. வீட்டுக்கு வந்த பிறகு கிண்ணம் எப்போதும் நிறைந்திருந்தது. துணி எட்டானது. பெலிக்ஸ் கடையிலிருந்து காலியான சணல் சாக்குகளைக் கொண்டுவந்தார். மேலே துணி, கீழே சாக்கு என்று போட்டால் ஈரம் உடம்பில் நிற்கவில்லை. மாடத்தி அடுப்புக்கு மேலே ஒரு கொடி கட்டினாள். தான் வேலையிழக்க இருந்த கதை அவளுக்குத் தெரியாது. ஜாய்தான் ஒருநாள் சொன்னாள். சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால் மன்னிக்கிறேன் என்று மாடத்தி சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள்.

ஒரு வியாழக்கிழமை பெலிக்ஸ் கடைக்கு லீவு விட்டுவிட்டு ஜாயைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனார். மத்தியானம் கேரட்டுக்கு அமுக்கி எடுத்துவிட மாடத்தி ஒத்துக்கொண்டாள். கிளம்பும் முன் ஜாய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அது அவளுக்குத் தற்கொலை போல இருந்தது. எங்கே சொல்கிறாயோ அங்கே வண்டி நிற்கும் என்றார் அவர். ஆலங்குளம் வருவதற்குள் ஒருமுறை நிறுத்தச் சொன்னாள். சீதபற்பநல்லூர் தாண்டி இன்னொரு முறை. மூன்றாவது முறை அவளுக்குத் தேவையே இல்லை. சொன்னால் நிற்குமா என்று பார்க்கத்தான் சொன்னாள். நின்றது. இறங்காமலே, போகலாம் என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் கியரைப் போட்டார்.

டாக்டர் கொடுத்த மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அன்று மழை இல்லை. மலை முழுக்கத் தெளிந்து, தகரக் கூரையில் வெயில் சுட்டது. மத்தியான நேரத்துக்கு ஜாய் பின்கட்டுக்கு வந்தாள். பின்கதவைச் சாத்த மறந்திருந்தாள். முதலில் வாலுக்குக் கீழே ஈரத்துணியால் துடைத்தாள். அது தினமும் செய்வதுதான். பிறகு இடது கையை வயிற்றில் வைத்துத் தேடினாள். கிடைத்தது, உருண்டையாக, நிறைந்து. இன்னும் அழுத்தவில்லை.

கைக்குக் கீழே அது தானாக இறுகியது.

முதலில் தன் விரல்தான் அசைந்துவிட்டதோ என்று நினைத்தாள். விரலைத் தளர்த்தினாள். அப்போதும் இறுகியது. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று கூடி, சுருங்கி, பிறகு அவள் கேட்காமலேயே வழி விட்டது. சாக்கில் பட்டு, ஓரத்தில் விரித்திருந்த பழைய பேப்பரில் சடசடவென்று விழுந்தது. நல்ல வெளிர் மஞ்சள். கேரட்டுக்கு இது எதுவும் தெரியாது. அது சுவரில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துக் காதை நிமிர்த்திக்கொண்டிருந்தது.

ஜாய் கையைத் துடைத்துக்கொண்டு பெலிக்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். சந்தை இரைச்சல் முதலில் வந்தது, யாரோ இசக்கிராஜா, இசக்கிராஜா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தானாப் போயிட்டு" என்றாள்.

அந்தப் பக்கம் இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. கடைக்குள் எங்கேயோ ஒதுங்கியிருக்கிறார்.

"வழிஞ்சுதா, போச்சா?"

"போச்சு. நான் அமுக்கவே இல்ல. கைய மட்டும் வச்சேன்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. "மிச்சம் கெடக்கும் ஜாய். தொட்டுப் பாரு."

அவள் மறுபடி குனிந்து விரல்களைப் பரப்பினாள். எல்லாம் தளர்ந்து, மெத்தென்று இருந்தது. ஆழத்தில், தொடைக்குப் பக்கத்தில், தட்டுப்பட்டது.

"இருக்கு. எலுமிச்சங்கா தண்டிக்கு."

"மெதுவா" என்றார்.

அவள் போனைத் துவைகல்லின்மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் மீதியைத் தேடிப் பிடித்தாள். அழுத்தி, காத்திருந்தாள். அவரும் போனை வைக்கவில்லை. மூட்டை இறக்குகிற சத்தமும், ஆட்கள் ஒருவரை ஒருவர் ஏசுகிற சத்தமும் பின்கட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.